ஆடி மாதம் முழுக்கக் காற்றைப் பற்றித்தான் பேசினோம்

கல்யாணமான முதல் ஆடியில் நானும் என் வீட்டுக்காரரும் காற்றைத் தவிர வேறு எதையும் உருப்படியாகப் பேசிக்கொள்ளவில்லை. சொன்னால் சிரிக்கிறார்கள். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் காற்றின் வேகத்தைப் பற்றிப் பேசினார்களாம், அதுவும் எல்லோரும் கேட்கிற மாதிரி வாக்கிடாக்கியில் பேசினார்களாம் என்று என் தோழிகள் இன்னமும் கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அப்படி ஒரு மாதம் எனக்கு இனி வாய்க்குமா என்பது சந்தேகம்தான்.

சூளகிரிக்குப் பக்கத்தில் உள்ள புதிய தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, தன்னிடம் வேலை செய்யும் பெண்களுக்காகப் பெரிய விடுதி கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் நான் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனைத் திட்டுவது, பெல்ட் மாட்டாதவனைக் கீழே இறக்குவது, காற்று அதிகமானால் கிரேனை நிறுத்துவது என் வேலை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே இருப்பதால் வேலை நன்றாகப் பொருந்திவிட்டது. அவர் அங்கே டவர் கிரேன் ஆபரேட்டர். கட்டடத்தையும் தாண்டி நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மதியச் சாப்பாடும் மேலேதான்.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்ளங்கையில் அடங்கும் காற்றுமானி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதன் தலையில் குட்டி விசிறி. காற்றுக்கு எதிரே பிடித்தால் விசிறி சுற்றும், திரையில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண் வரும். சாமான் இறக்கும் இடத்தில் நின்று பெருமையாக அதை நீட்டிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு. தூக்கலாம்" என்று வாக்கிடாக்கியில் சொன்னேன். மேலேயிருந்து பதில் வந்தது.

"மேடம், அந்தப் பன்னெண்டை நீங்களே வெச்சுக்குங்க. இங்க முப்பத்திமூணு."

சைட் முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில், அவர் பொய் சொல்கிறார் என்று நிரூபித்தே தீருவது என்று மாடிப்படி ஏறினேன். இரண்டாவது மாடியில் பதினாறு. ஐந்தாவது மாடியில் இருபத்திரண்டு. மொட்டைத் தளத்தில் கையை நீட்டியதும் ஹெல்மெட்டே கழன்று போகப் பார்த்தது. இருபத்தெட்டு. அதற்கும் எவ்வளவோ மேலே அந்தக் கண்ணாடிக் கூண்டு. அவர் ஒன்றும் ஞானதிருஷ்டியால் சொல்லவில்லை. கிரேனின் உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றும் காற்றுமானி ஒன்று இருக்கிறது. கிண்ணத்தின் குழிந்த பக்கத்தைக் காற்று பலமாகத் தள்ளும். முதுகுப் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் கிண்ணங்கள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்று கூடக் கூட, கூண்டுக்குள் இருக்கும் திரையில் எண் ஏறும். அவர் அந்த எண்ணை வாசித்தார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவர் இறங்கி வந்ததும் நானே போய் டீ வாங்கிக் கொடுத்தேன். தோற்றதற்கு டீ வாங்கிக் கொடுத்தேன் என்று அவர் சொல்வார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

தரைக்குப் பக்கத்தில் காற்று மெதுவாகப் போவதில் அதிசயம் எதுவுமில்லை. நான் காவேரிப்பட்டினத்துக்காரி, தென்பெண்ணையில் குளித்து வளர்ந்தவள். கரையோரம் நின்றால் தண்ணீர் காலை மெல்லத் தொட்டுக்கொண்டு போகும். நடு ஆற்றில் ஆளையே தள்ளும். காற்றும் அப்படித்தான். கீழே மரம், சுவர், லாரி, மண்மேடு என்று எல்லாவற்றிலும் உரசி உரசி வேகம் குறைகிறது. மேலே தடுக்க ஆளில்லை. எங்கள் சைட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் காற்று வேறு. தைல மரங்களுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கொட்டகையில் விசிறி சுற்றவே சுற்றாது. ஆபீஸாக வைத்திருந்த இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே இருந்த சந்திலோ, காற்று இடுக்கிக்கொண்டு பாய்ந்து, நடப்பவர்களின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும்.

வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனி கடைசியில் அம்மாவும் அப்பாவும் சூளகிரியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஆடி பிறந்தால் புதுப் பெண் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். ஆடியில் உண்டான பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்குமாம். நான் தாம்தூம் என்று குதித்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே சைட்ல வேலை செய்யறோம்மா. பகல் பூரா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கப் போறோம். ராத்திரி மட்டும் காவேரிப்பட்டினம் வந்து என்ன ஆகப் போகுது?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா சட்டென்று பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்க்கத் தொடங்கினார். என்ன கேட்டுவிட்டேன் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

அப்படியாகத் தினமும் காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரிக்கு ஒரு பஸ். காலையில் நான் வந்து சேர்வதற்குள் அவர் மேலே ஏறியிருப்பார்; சாயங்காலம் அவர் ஏணியில் இறங்கி முடிப்பதற்குள் என் பஸ் போய்விடும். போனில் பேச அம்மா தடை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரே கூடம், அதில் எல்லோருக்கும் காது. "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்", "சரி" என்பதற்கு மேல் பேச்சு வளராது. மிச்சம் இருந்தது வாக்கிடாக்கி மட்டும்தான். அதிலும் மேனேஜர், மேஸ்திரிகள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்து கயிறு கட்டும் பையன்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேலைப் பேச்சு மட்டுமே பேசலாம். எங்கள் வேலைப் பேச்சு காற்று.

முதல் நாள் காலையில் வாக்கிடாக்கியை எடுத்தேன். என்னவோ சொல்ல வேண்டும், என்ன சொல்வதென்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது பொழுதுபோகாமல் காற்றுமானியை நீட்டிப் பார்த்திருந்தேன். அதையே சொன்னேன்.

"கிரேன், கிரவுண்ட் பேசறேன். காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டு நாலு. கிருஷ்ணகிரி எட்டு. சூளகிரி ஸ்டாப்புல பதினஞ்சு. இங்க பதினாலு."

மேலேயிருந்து அவர், "கிரேன் நோட் பண்ணிக்கிச்சு. காவேரிப்பட்டினத்துல நாலுதானா? நல்லா தூங்கியிருப்பீங்க" என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. நான் கிளம்பியது முதல் வந்து சேர்ந்தது வரை ஒவ்வொரு இடமாகச் சொல்வேன். அவர் மேலே எவ்வளவு என்று சொல்வார். ஆற்றங்கரைப் பள்ளத்தில் நாலு என்று தொடங்கும் காற்று, மேட்டில் ஏற ஏற, சூளகிரியின் திறந்த வெளியில் பதினைந்தைத் தொட்டு, அவர் தலைக்கு மேல் நாற்பதாகிவிடும். ஒரே காற்றுதான், மேற்கே கர்நாடகத்துப் பக்கமிருந்து வருகிற ஆடிக்காற்று. ஒருநாள் அவசரத்தில், "ஏங்க, எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். மேஸ்திரி ஒருவர் நடுவில் புகுந்து, "இருபத்தெட்டுங்க!" என்று குரலை மாற்றிச் சொன்னார். அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டார்கள். நான் எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது.

ஆடி பதினெட்டு நெருங்கியபோதுதான் சிக்கல் வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி, முதல் ஆடிப் பெருக்கன்று மாப்பிள்ளை வந்து, ஆற்றங்கரையில் பெண்ணுக்குப் புதுத் தாலிக் கயிறு கட்ட வேண்டும். பிறகு விருந்து. பொழுது சாய்வதற்குள் அவர் கிளம்பிவிட வேண்டும். அந்த ஒரு பகலுக்காக நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டடத்திலோ ஒரே ஒரு சுவர் மிச்சம். வேறு இடத்தில் கான்கிரீட்டில் வார்த்து, அப்படியே டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கும் பெரிய சுவர். அதை மொட்டைத் தளத்தில் ஏற்றி நிறுத்தினால்தான் மேலே மற்ற வேலை நடக்கும். அகலமான சுவர் என்றால் காற்றுக்குக் கொண்டாட்டம். அந்தரத்தில் தொங்கும்போது அதைப் பிடித்துத் திருப்பிவிடும். அதற்காகச் சுவர் தூக்கும்போது மட்டும் கிரேன் உச்சியில் முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. இன்னொரு ஆபரேட்டர் ஊருக்குப் போயிருந்தார்.

மேனேஜர் பெங்களூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். "சொவரு ஏறிடுச்சுன்னா உங்க வீட்டுக்காரருக்கு லீவு, மேடம். ஏறலைன்னா இல்லை. நான் என்ன பண்றது?" என்றார்.

ஒவ்வொரு நாளும் நான் கேட்பேன். முப்பத்தாறு என்பார். நாற்பது என்பார். நானே என் வாயால் "ஸ்டாப்" என்பேன். எந்தப் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும்? புருஷனுக்கு லீவு கிடைக்க விடாமல் தினமும் தானே தடுக்கிற வேலை! பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஆடிக்காற்றை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போவேன்.

ஆடி பதினேழாம் தேதி மேனேஜரும் நானும் சேர்ந்து ஒரு யோசனை செய்தோம். விடிகாலையில் காற்று அடங்கித்தானே இருக்கிறது? டீக்கடைப் புகை நேராக மேலே போகிறது, தைல மரத்தில் இலை அசைவதில்லை. விடிந்ததும் விடியாததுமாகச் சுவரைத் தூக்கிவிட்டால் காலைச் சாப்பாட்டுக்கு அவர் காவேரிப்பட்டினத்தில் இருக்கலாம். எல்லோருக்கும் சரியென்று பட்டது. அவருக்கும்தான். அன்று சாயங்காலம் வாக்கிடாக்கியில், "நாளைக்கு காலையில பாக்கலாம், கிரவுண்ட்" என்று அவர் சொன்னபோது குரலில் சிரிப்பு இருந்தது.

மறுநாள் இருட்டோடு அப்பா என்னைப் பைக்கில் கொண்டுவந்து விட்டார். மாப்பிள்ளையைக் கையோடு அழைத்துப் போவதற்காக டீக்கடையிலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் நினைத்த மாதிரியே இருந்தது. புகை நேராகப் போனது. இலை அசையவில்லை. நான் காற்றுமானியை நீட்டினேன். விசிறி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. சுவரைச் சுற்றிக் கயிறு கட்டித் தயாராக நின்றார்கள். மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"கிரேன், கிரவுண்ட் பேசறேன். இங்க ரெண்டு. உங்களுக்கு எவ்ளோ?"

பதில் வரவில்லை.

"கிரேன், கேக்குதா? மேல எவ்ளோ?"

நான் அண்ணாந்து பார்த்தேன். வெளுக்கத் தொடங்கிய வானத்தில் அந்தக் கண்ணாடிக் கூண்டு சின்னதாகத் தெரிந்தது. அந்த எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். இருபது என்று அவர் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. கீழே நின்ற அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். இல்லை என்று சொன்னால் அது பொய்.

"நாப்பத்திரெண்டு" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது, பெருமையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. "ஸ்டாப்" என்றேன். இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

மேனேஜருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எப்படி மேடம்? ஒரு எலை ஆடலை! அந்த மீட்டரு கெட்டுப்போயிருக்கும். தூக்கச் சொல்லுங்க." கயிறு கட்டிய பையன்களும் முணுமுணுத்தார்கள். டீக்கடையிலிருந்து எழுந்து வந்திருந்த அப்பா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "காத்தே இல்லையேம்மா, தூக்கச் சொல்லேன். அம்மா வடைக்கு ஊறப்போட்டிருக்கா" என்றார்.

மீட்டர் கெட்டுப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படிக் காட்டுவது? என் பையைத் திறந்தேன். சைட்டுக்குள் துப்பட்டா போடக் கூடாது, எங்காவது மாட்டிக்கொள்ளும். அந்த விதியைப் போட்டதே நான்தான். அதனால் துப்பட்டா எப்போதும் மடித்துப் பையில் இருக்கும். அன்று வைத்திருந்தது மாம்பழ நிறம், அவர் ஓசூர் பஜாரில் வாங்கிக் கொடுத்தது. சுவரில் மாட்டியிருந்த கிரேன் ஹூக்கைக் கழற்றச் சொல்லி, அதில் துப்பட்டாவின் ஒரு முனையை இறுக்கிக் கட்டினேன்.

"கிரேன், வெறும் ஹூக்கை மேல தூக்குங்க. மெதுவா."

ஹூக் எழும்பியது. துப்பட்டா துவைத்துக் காயப்போட்ட மாதிரி நேராகத் தொங்கிக்கொண்டு போனது. மூன்றாவது மாடி வரை அப்படியே போனது. யாரோ சிரித்தார்கள். தைல மரங்களின் உச்சியைத் தாண்டியதும் அதன் நுனி லேசாக அசைந்தது. மொட்டைத் தளத்தை நெருங்கும்போது சாய்ந்து படபடக்கத் தொடங்கியது. அதையும் தாண்டி மேலே போனதும் ஒரே வீச்சில் விரிந்து, பலகை மாதிரி விறைத்துக் கிழக்கே பார்த்து நின்றது. கீழே எங்கள் காலடியில் ஒரு பிளாஸ்டிக் டீக் கப் அசையாமல் கிடந்தது.

பையன்களில் ஒருவன் விசில் அடித்தான். அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி, "அட!" என்றார்.

இது ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரவில் தரை குளிர்ந்துவிடுகிறது. அதன்மேல் கனத்த குளிர்ந்த காற்று அசையாமல் படுத்துக்கொள்கிறது. மேலே ஓடுகிற காற்று அதைத் தொடாமல், தரையில் உரசாமல், வழுக்கிக்கொண்டு இன்னும் வேகமாகப் போகிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் இரண்டும் கலந்து, கீழேயும் காற்று வீசத் தொடங்கும். டீக்கடைப் புகையை நம்பி நாங்கள் எல்லோரும் தேர்ந்தெடுத்தது, கீழுக்கும் மேலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத நேரம்.

மேனேஜர் நெடுநேரம் துப்பட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் அந்த இடத்தில் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என் கையிலிருந்த வாக்கிடாக்கியை அவரே வாங்கினார்.

"கிரேன், ஷட் டவுன் பண்ணிட்டு எறங்கி வாங்க. இன்னிக்கு இது ஏறாது. நீங்க மேல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றவர் என்னைப் பார்த்தார். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவர் கன்னடத்துக்குப் போய்விடுவார். "ஹோகி, மேடம், ஹோகி" என்றார். போங்க, போங்க என்று கையால் விரட்டினார்.

ஹூக் இறங்கியது. துப்பட்டாவை அவிழ்த்தபோது அது முழுக்கக் கசங்கிப்போயிருந்தது. கிரேனை நிறுத்தும்போது அதன் நீண்ட கையைப் பூட்டி வைக்க மாட்டார்கள். காற்று போகும் பக்கம் தானாகத் திரும்பட்டும் என்று பிரேக்கை விட்டுவிடுவார்கள். எதிர்த்து நின்றால்தான் ஆபத்து. அவர் பிரேக்கை விட்டதும் அந்தப் பெரிய கை மெல்லத் திரும்பி, கிருஷ்ணகிரி ரோட்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

"பாருங்கடா, கிரேனே மாமியார் வீட்டுக்கு வழி காட்டுது!" என்றார் அந்த 'இருபத்தெட்டு' மேஸ்திரி. அந்த ஒரு தடவை அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அவர் ஏணியில் இறங்கி வரும்வரை கீழேயே நின்றேன். இறங்கியதும் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் கழித்து எதிரெதிரே நிற்கிறோம், கையில் வாக்கிடாக்கி இல்லை.

"கொறைச்சுச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். கீழ நீ நின்னுக்கிட்டு இருந்தியே" என்றார்.

அப்பா தன் பைக்கில் முன்னால் போனார், திரும்பிப் பார்க்காமல் போனார், அவருக்கு என் நன்றி. நாங்கள் இருவரும் என் வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் போனோம். மேட்டிலிருந்து இறங்க இறங்க, கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் உடம்புக்கு இதமாக ஒரு வெதுவெதுப்பு வந்தது. காவேரிப்பட்டினத்தில் ஆற்றங்கரை முழுக்க ஜனம். அம்மா புதுப் புடவை கட்டி, மஞ்சள் கயிறும் பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்துக்கொண்டு, கோபமாக இருப்பது போல் நின்றாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை வைத்திருக்க முடியவில்லை, முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

ஈர மணலில் நின்று அவர் எனக்குப் புதுக் கயிறு கட்டினார். இரும்புக் கைப்பிடிகளைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல்கள், முடிச்சுப் போட நேரமெடுத்தன. எனக்கு அவசரமில்லை. அந்த நிமிஷம் நான் அனுபவித்த சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த எந்த மீட்டரும் இல்லை.

அம்மா கற்பூரத்தை ஏற்றினாள். சட்டென்று அவர் குனிந்து இரண்டு கைகளையும் குவித்துச் சுடரை மறைத்தார். அம்மா சிரித்துவிட்டாள்.

"காத்தே இல்லையே மாப்ள, எதுக்கு மறைக்கிறீங்க?"

"கீழதான் இல்லைங்க அத்தை" என்றார்.

அம்மா கையில் தட்டோடு அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். கரையோரத் தென்னைகளின் உச்சியில் ஓலைகள் எல்லாம் கிழக்கே பார்த்து ஆடிக்கொண்டிருந்தன.